சொந்த ஊருக்கு ஒரு பயண உதவித்தொகை

என் சொந்த மாவட்டத்துக்குப் போய்வர எனக்கு ஒருமுறை பயண உதவித்தொகை கொடுத்தார்கள். அப்போது வடக்கே ஒரு நகரத்தில் நிலத்தடி நீரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தருமபுரியில் ஒரு கல்லூரி குடிநீர் பற்றிய கருத்தரங்கு நடத்துகிறது, இளம் ஆய்வாளர்களுக்கு ரயில் செலவும் தங்குமிடமும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. பார்த்த அன்றைக்கே விண்ணப்பித்தேன். இந்தப் பகுதிக்கு இதற்கு முன் வந்திருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. வந்திருக்கிறேன் என்று போட்டேன். பிறந்ததே அங்கேதான் என்று சொல்ல அதில் இடம் இல்லை.

உதவி வாங்குகிறவர்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. எல்லோரும் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும், களப்பயணத்துக்குச் சேர்ந்து போக வேண்டும், கடைசி நாளில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை.

"மொரப்பூர்ல எறங்கிட்டு வூட்டுக்கு வராம ஆஸ்டலுக்குப் போவியா? நீ என்ன வெளிநாட்டுக்காரியா?" என்று போனில் கேட்டாள்.

நிபந்தனையை விளக்கினேன். கருத்தரங்கு முடிந்ததும் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போவேன் என்றேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்காவது இருப்பாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கோபம் வந்தால் அம்மா மாதா கோயில் பூசையைப் பற்றிப் பேசுவாள்.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எங்களை அழைத்துப்போக ஒரு வேன் வந்திருந்தது. கல்லூரியில் வேலை பார்க்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர்தான் ஏற்பாடுகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். இறங்கியவர்கள் எல்லாம் வெவ்வேறு மாநிலத்துப் பிள்ளைகள். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார்கள். நான் டிரைவரிடம் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டு, மேடத்துக்கு எந்த ஊர் என்று விரிவுரையாளர் விசாரித்தார். இண்டூர் பக்கம் என்றேன். அவர் என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு தருமபுரி வரும்வரை பேசவில்லை.

காரணம் அன்று சாயங்காலம் தெரிந்தது. விடுதியில் பையைப் பிரிப்பதற்குள் தங்கை போன் செய்தாள்.

தங்கைக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் பென்னாகரம் பக்கம், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. எங்களைப் போலவே மானாவாரிக் காடு வைத்துப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வருகிற ஞாயிறு விட்டு மறு ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்ய வருவதாகப் பேச்சு. கருத்தரங்கு அழைப்பிதழை நான் வீட்டுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தேன். அதில் ஒருங்கிணைப்பாளர் பெயரைப் படித்த அப்பாவுக்குச் சந்தேகம் வந்து, தரகரிடம் விசாரித்திருக்கிறார். எங்கள் பெட்டிகளைத் தூக்கி வைத்தாரே, அந்த விரிவுரையாளர்தான் மாப்பிள்ளையின் அண்ணன். பெண் பார்க்க வந்தபோது அவர் வரவில்லை, அதனால் நேரில் யாருக்கும் தெரியவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். குழந்தையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் மஞ்சளாகும், பிறகு காவி நிறமாகும், சிலருக்குப் பொரிந்துபோகும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் வசதி இருக்கிறவர்கள் தருமபுரிக்குக் கூட்டிப்போய் முன்பல்லின் மேல் வெள்ளையாகக் கேப் போட்டுவிடுவார்கள். இதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியாது. தங்கைக்கும் அப்படித்தான் போட்டிருந்தோம். இந்தக் காவிப் பல் பரம்பரையாக வரும் என்று நினைக்கிற ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் வருமென்று பயந்து பின்வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசி நாளில் நான் பேசவிருந்தது எங்கள் சுற்றுவட்டாரத்துப் போர்களைப் பற்றித்தான். எந்தப் போரில் எவ்வளவு புளோரைடு என்று ஊர்ப் பெயரோடு வரைபடம் போட்டிருந்தேன். வரைபடத்திலேயே ஆகச் சிவந்த புள்ளி எங்கள் ஊர்.

"அக்கா, நீ பேசு, வேணாங்கல. நம்மூரு பேர மட்டும் எடுத்துடு. அவங்க அண்ணன் அங்கதான ஒக்காந்திருப்பாரு," என்றாள் தங்கை.

எடுத்தால் என்ன போகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. ஆனால் மேட்டுத் தெருவுக்கு ஏறுவதில்லை. ஏறாத தெருவில் போர்தான் குடிநீர். கடைசி நாள் அமர்வுக்கு மாவட்டத்துப் பொறியாளர்கள் வருவார்கள் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. குழாயை எங்கெல்லாம் நீட்டலாம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் முன்னால் ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் நான் அந்த உதவித்தொகைக்கே விண்ணப்பித்தேன்.

இருந்தாலும் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் கேட்டு நான் மறுக்கக்கூடிய விஷயம் இல்லை இது. தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஒரு வயதான என்னைச் சேலத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கூடம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். சேலத்தில் காவிரித் தண்ணீர். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தும் என் பல் வெள்ளை, அவள் பல் காவி. என்னைப் பார்த்து ஊரில் யாராவது பல்லைப் புகழ்ந்தால் எனக்கு வாயை மூடிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அப்போதே உட்கார்ந்து ஸ்லைடில் ஊர்ப் பெயரை அழித்து, வெறும் எண் போட்டேன். என் அறையில் அசாம்காரி ஒருத்தி தங்கியிருந்தாள். அவள் ஆய்வு ஆர்சனிக் பற்றியது. ஏன் பெயரை எடுக்கிறாய் என்று கேட்டாள். கல்யாணம் என்றேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் வேலை செய்யும் பகுதியில், தண்ணீர் கெட்டுப்போன அடிபம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்களாம். பெண் இருக்கும் வீடுகளில் சிலர் விடியுமுன்னே எழுந்து அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மனசுக்கு ஆறுதலாக இல்லை.

மறுநாள் களப்பயணம். போகவேண்டிய ஊர்களைக் கல்லூரி பல நாள் முன்பே முடிவு செய்திருந்தது. குழாய் எல்லாத் தெருவுக்கும் எட்டாத ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று என்று எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது, வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். காலையில் பஸ்ஸில் ஏறும்போது ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கழுத்தில் அட்டையும் கையில் பாட்டிலுமாக நான் என் ஊரில் போய் இறங்கினேன். போருக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "அந்தப் புள்ள நம்ம புள்ள மாதிரி இருக்குதே," என்று என் காதுபடவே இன்னொருவரிடம் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போர் தண்ணீரை எடுத்துச் சோதித்தோம். கருவியில் எண் ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். உதவி வாங்கியவர்கள் அறிக்கையில் படம் இணைக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அது முடிந்ததும் அம்மா வந்து எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மகளைப் போலப் படித்த கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டு வீட்டு வாசல் மிதிக்காமல் போவது அவளால் தாங்கக்கூடிய காரியம் இல்லை. கோயிலிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து வாசலில் வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருந்தாள். விரிவுரையாளர் தயங்கினார். மற்றவர்கள் போய் உட்கார்ந்துவிட்டதால் அவரும் வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்தான் என்று தங்கைக்குக் கண்ணால் காட்டினேன்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர்தான். காப்பி, டீ எல்லாம் அப்புறம். தங்கை எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். முதல் ஆள் தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். இரண்டாவது ஆளும் காட்டினான். பிறகு எல்லோரும் பாட்டிலைக் காட்டினார்கள். மரியாதையாகத்தான் காட்டினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு டம்ளர் குடித்தால் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் குடித்தால்தான் கெடுதல் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்களே இருந்தார்கள். ஆனாலும் கருவியில் எண்ணைப் பார்த்துவிட்ட பிறகு ஒரு கையும் தட்டுக்கு நீளவில்லை. அசாம்காரியும் எடுக்கவில்லை. நான் எடுத்துக் குடித்தேன். நான் குடித்தது யார் கணக்கிலும் வரவில்லை, நான் அந்த வீட்டுப் பெண்.

கடைசியாகத் தட்டு விரிவுரையாளரிடம் போனது. அவர் மடியில் பாட்டில் இருந்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டவில்லை. ஆனால் டம்ளரையும் எடுக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார்.

தங்கை நகரவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"குடிங்க சார். ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்ணும் ஆவாது. நான் பொறந்ததிலிருந்து இதத்தான் குடிக்கறேன். என் முன்பல்லு ஒண்ணும் நெசம் இல்ல, கேப்பு போட்டிருக்குது. உள்ள இருக்கறது எங்கூரு பல்லுதான்."

அம்மா நிலைக்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேற்று மொழிக்காரர்களுக்கு ஏதோ நடந்தது என்று புரிந்தது, என்ன என்று புரியவில்லை. அசாம்காரி என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "சொல்லுக்கா. நான் சொன்னத அப்படியே இங்கிலீசுல சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். எத்தனையோ மேடையில் இந்தத் தண்ணீரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன். என் தங்கையின் பல்லைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. நான் சொல்லி முடித்தபோது விரிவுரையாளர் டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தார். முழுவதும் குடித்தார். டம்ளரைத் தட்டில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அம்மா டீ கொண்டுவந்தாள். அதை ஒருவர் விடாமல் வாங்கிக் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது டம்ளர் கேட்டவர்களும் உண்டு. அது அதே போர் தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். தேயிலையிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் உண்டு. இது பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம். அத்தனை ஆய்வாளர்களில் ஒருவருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. நானும் சொல்லவில்லை, ஊர்க்காரி என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

பஸ் கிளம்புமுன் தங்கையைச் சமையல்கட்டில் பிடித்தேன். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினாள். குழந்தை பிறந்து, அதன் பல்லைப் பார்த்து, உன் பரம்பரையா என்று ஒருநாள் கேட்பார்கள், அன்றைக்கு முழிப்பதற்கு இன்றைக்கே சொல்லிவிடுவது மேல் என்றாள். அம்மா அங்கே நின்று, ஓலை வாசிக்கிற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று அழுதாள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்பார்.

"சாமியார் கேக்கறப்ப ஊரே வாய மூடிக்கிட்டு இருக்கும்னு தெரியும்மா. அதான் நானே சொல்லிட்டேன்," என்றாள் தங்கை. பிறகு என்னிடம், "நாளைக்குப் பேசறப்ப ஊரு பேர போட்டுடு. இனிமே எதுக்கு மறைக்கறது?" என்றாள்.

பெயரைப் போட்டேன். மறுநாள் நான் பேசும்போது விரிவுரையாளர் இரண்டாவது வரிசையில் இருந்தார். என் வரைபடத்தில் எங்கள் ஊர் வந்தபோது, இது என் ஊர், இதில் மேட்டுத் தெருவில் என் வீடு இருக்கிறது என்று சொன்னேன். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வது வழக்கம் இல்லை. பொறியாளர் ஒருவர் எழுந்து, தெரு டேங்கிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை வீடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்றுவரை குழாய் ஏறவில்லை, ஆனால் அளவெடுக்க ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விரிவுரையாளர் கேள்வி ஏதும் கேட்கவில்லை. சான்றிதழ் கொடுக்கும்போது, வீட்டில் எல்லோரும் நலமா என்று தமிழில் கேட்டார். நலம் என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் இல்லை, சொல்ல அவருக்கும் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். யாரும் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. தரகர் போனை எடுக்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், நான்தான் இந்த வினையை ஊருக்குள் கூட்டிவந்தவள் என்பது அவள் கணக்கு. அதில் பாதி நியாயம் இருந்தது. தங்கை மட்டும் எப்போதும்போல வேலை செய்தாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. அம்மா அவசரத்தில் எதையோ அழுத்த, போன் ஸ்பீக்கரில் போய்விட்டது, அதை அணைக்க அவளுக்குத் தெரியவில்லை. பொண்ணுகிட்டக் குடுங்க என்றார் அந்த அம்மா. தங்கை வாங்கி, சொல்லுங்க என்றாள்.

"பெரியவன் வந்து எல்லாஞ் சொன்னான். அந்தக் கேப்பு எந்த டாக்டருகிட்டப் போட்டீங்க? முறுக்கு கடிச்சா கழண்டுக்காதில்ல?"

தங்கை தருமபுரியில் எந்த இடம் என்று சொன்னாள். கழலாது, ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும் என்றாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க ஊரு ஆத்துப் பக்கம்னுதான் பேரு. குடிக்கறதெல்லாம் போர் தண்ணிதான். எங்க சின்னப் பொண்ணுக்கு முன்பல்லு நாலும் அப்படித்தாம்மா இருக்குது. உங்க வூட்டுக்கு வந்தப்ப அவள வேணும்னுதான் கூட்டிட்டு வரல."

தங்கை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

"உறுதிக்கு வர்றப்ப அவளயும் கூட்டிட்டு வாங்க, அத்தை."